பூக்க விடாத கிராம்பு

அலை ஓயாத கடல் காவல் நிற்க, சங்கும் மீனும் குறைவறப் பெற்று விளங்கும் வலம்புரித் தீவின் செங்கோல் நீடு வாழ்க. அத்தீவின் மன்னரவைக்கு முதல்வரும், வென்றாலும் தோற்றாலும் தலைநிமிர்ந்தே நிற்கும் வழக்கமுடையவருமாகிய பேரமைச்சர் சங்கநம்பியாருக்கு, செம்பொறை நாட்டு மாமன்னர் வல்லேற்றுப் பெருங்கோவின் அவையில் முப்பத்திரண்டு ஆண்டு ஓலை எழுதியும் எழுதுவித்தும் கிழவனாகிப்போன அமைச்சன் வேம்பங்கிழான் தலைவணங்கி விடுக்கும் ஓலை. உம் வலைகள் நிறைக. உம் மரங்கள் புயலுக்குத் தப்புக. உம் அவையில் வாய் திறந்து உண்மை சொல்வோர் ஒருவரேனும் இருப்பாராக. கடைசி வாழ்த்து வழக்கத்தில் இல்லாதது என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் அவையில் எல்லாம் இருந்தது, அது ஒன்றுதான் இல்லாமற் போயிற்று.

இவ்வோலையை ஓலைநாயகம் எழுதவில்லை, அமைச்சன் தன் கைப்படவே எழுதுகிறான். எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. இதைக் கொண்டுவருவோர் உம் நாட்டுத் துடுப்புக்காரர் அறுவர். பிடிபட்டவர் பதினொருவர் அல்லவா, மற்றவர் எங்கே என்று கேட்பீர். ஐவர் எங்கள் கல்மலையிலேயே மண்ணாகிவிட்டார்கள். அவர்கள் பெயர்களை ஓலையின் பின்புறம் எழுதியிருக்கிறது. வீட்டாருக்குச் சொல்லும் கடமை உம்முடையது. எஞ்சிய அறுவருள் ஒருவன் துறையன். அவனையும் அவன் மனைவி கொற்றியையும் பற்றியதே இவ்வோலை. அரச முத்திரை வைத்த ஓலையில் ஒரு தோட்டக்காரியின் கதை எதற்கு என்று முகம் சுளிக்காமல் கடைசிவரை படிக்க வேண்டும். படித்த பின் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய உம்மை விட்டால் ஆள் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உம் தீவும் முகில்மலை நாடும் கைகோத்துக்கொண்டு எங்கள்மேல் படையெடுத்ததும், இரண்டும் தோற்றதும், இரு நாட்டு வீரரும் பிடிபட்டுக் காலில் விலங்கோடு எங்கள் கல்மலைக்குப் போனதும் உமக்கு மறந்திருக்காது. எங்கள் நாட்டு வழக்கப்படி அன்று மரப்பிணை எழுதப்பட்டது. தோற்ற நாடு தன் மண்ணில் வளரும் செடியோ மரமோ ஒன்றைத் தானே தேர்ந்து அனுப்ப வேண்டும். அது எங்கள் அரண்மனைத் தோட்டத்தில் நடப்படும். அது பூத்து, விரிந்த பூவைக் கிளையிலேயே முத்திரை அதிகாரி ஒருவர் கண்ணால் கண்ட நாளில் அந்நாட்டுக் கைதிகளின் விலங்கு வெட்டப்படும். செடி பட்டுப்போனாலோ அவர்கள் சாகும்வரை கல் உடைக்க வேண்டியதுதான். எந்தச் செடியை அனுப்புவது என்பது மட்டும் தோற்றவர் விருப்பம். தோற்றவருக்கு நாங்கள் விட்டுவைக்கும் விருப்பம் அது ஒன்றே.

முகில்மலை நாட்டு அமைச்சர் புத்திசாலி. அவர் ஒரு கூடை நிறையச் சால்விச் செடி அனுப்பினார். முழங்காலுக்கு மேல் வளராத செடி. சாம்பல் பூசினாற்போன்ற இலை. கசக்கி முகர்ந்தால் கற்பூர வாடை. நுனியில் கதிர் கதிராய் நீலப்பூ. எங்கள் செம்மண்ணும் காயும் வெயிலும் அதற்குத் தாய்வீடு. நட்ட நான்காம் மாதமே பூத்துத் தொலைத்தது. முகில்மலைக் கைதிகள் பதினான்கு பேரும் அன்றைக்கே விலங்கு வெட்டப்பட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

நீர் அனுப்பியது கிராம்புக் கன்று. கடற்காற்றும் ஓயாத ஈரமும் உள்ள உம் மண்ணிலேயே அது மொட்டு வைக்க ஏழெட்டு ஆண்டு ஆகும் என்பது உமக்குத் தெரியும். ஓலை எழுதிய அன்று அமைச்சன் உம்மைத் தனியே அழைத்துச் சீக்கிரம் பூக்கும் செடி வேறொன்றும் உம் தீவில் இல்லையா என்று கேட்டான். வலம்புரித் தீவு கண்ட களைச்செடியையும் அனுப்பித் தன் மானத்தைக் கப்பலேற்றாது, தன்னிடம் உள்ளதில் தலைசிறந்ததையே அனுப்பும் என்று நீர் திரும்பிவந்து அவை நடுவே மீசையை முறுக்கிக்கொண்டு மொழிந்தீர். அவையோர் பலே என்றார்கள். நாசமாய்ப்போன இந்த அமைச்சனும் பலே என்றான். பதினொரு பேரின் காலில் விலங்கு, நாம் இருவரும் அங்கே பேச்சுக்குப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

கன்றோடு கப்பலில் வந்து இறங்கியவள் கொற்றி. அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். கிராம்புத் தோப்பில் பிறந்து வளர்ந்தவள். மணமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது. அவளை எவரும் அனுப்பவில்லை. கணவன் கல்மலையில் இருக்க, கன்று எவனோ ஒரு தோட்டக்காரன் கையில் காய்ந்து சாவதா என்று கேட்டு, மண்பானையில் கன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே ஏறி வந்துவிட்டாள். கைதிகளின் பெயர்கள் எழுதிய ஓலையில் அவள் பெயர் இல்லை. கைதி அல்லாதவளுக்கு ஓலை எதற்கு என்று அமைச்சன் அன்று எண்ணினான். அந்த எண்ணத்துக்கு அவன் இப்போது தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான்.

எங்கள் ஊரில் கிராம்பு வளர்ப்பது என்ன சின்ன வேலையா? கோடையில் அடிக்கும் மேல்காற்று இலையைக் கருக்கிவிடும். அவள் மேற்கே ஓலைத் தட்டி கட்டி மறைத்தாள். வெயில் உச்சிக்கு வரும்போது மேலே பந்தல் விரிப்பாள், சாய்ந்ததும் சுருட்டுவாள். கிணற்றிலிருந்து நாளுக்குப் பத்துக் குடம் சுமந்தாள். ஊற்றிய நீர் தேங்கினால் வேர் அழுகும் என்று அடியில் மணலும் கூழாங்கல்லும் பரப்பி, மேலே வைக்கோலும் சருகும் மூடி ஈரத்தைக் கட்டினாள். கொழுந்து செம்பு நிறத்தில் விட்டால் அன்று அவளுக்குச் சோறு இறங்கும். இலை நுனி பழுத்தால் இறங்காது. பக்கத்துப் பாத்தியில் சால்வியோ ஆண்டுக்கு மும்முறை நீலமாய்ப் பூத்து, வண்டு மொய்த்து, வருவோர் போவோர் எல்லோரும் நின்று பார்க்கும்படி செழித்துக் கிடந்தது. காவலர்கள் அவளைக் கிராம்புக்காரி என்றே கூப்பிடுவார்கள். ஏனம்மா கிராம்புக்காரி, உன் மரம் எங்கள் பேரன் காலத்திலாவது பூக்குமா என்று கேலி செய்வார்கள். உன் பேரனை அனுப்பு, அவன் கண்ணாலே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் குடத்தை இறக்காமலே பதில் சொல்லிவிட்டு நடப்பாள்.

ஆண்டுக்கு ஒருமுறை, கோட்டைச் சுவர் பூசும் மாதத்தில், கல்மலைக் கைதிகள் கல்வண்டி இழுத்துக்கொண்டு அரண்மனை வாயில்வரை வருவார்கள். தோட்டத்து மதிலுக்கு மேலே தலை தெரியும்படி ஒரு கல்லைப் போட்டு ஏறி நின்று அவள் துறையனைப் பார்ப்பாள். பேச இடமில்லை. அவன் தலையைத் தூக்குவான். அவள் கையை உயர்த்தி மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளவு காட்டுவாள். முதலாண்டு இடுப்பளவு, அடுத்த ஆண்டு தோளளவு, பிறகு கையை எட்டுமட்டும் தூக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு காட்ட அவள் கை போதவில்லை. அவன் சிரித்தான் என்று காவலர் சொல்லி அமைச்சன் கேட்டிருக்கிறான்.

எட்டாம் ஆண்டு மரம் மொட்டு வைத்தது. மூன்றே கொத்து. தோட்டத்து முத்திரையை வைத்திருந்த தோட்டநாயகம் நள்ளியனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவன் வந்து அண்ணாந்து பார்த்து, இது மொட்டு, பூ அல்ல, விரிந்தபின் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நள்ளியனுக்குக் கிராம்பைக் கண்டாலே ஆகாது. கிணற்றை ஒட்டிய நல்ல இடத்தை அந்த ஒற்றை மரம் எட்டு ஆண்டாய் அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று அவனுக்கு எரிச்சல். அந்த இடத்தில் குளம் வெட்டிச் சுற்றிலும் சால்வி நட வேண்டும் என்று மன்னரிடம் விண்ணப்பித்தான். இரண்டில் எது தோட்டத்துக்கு ஏற்றது என்று அவையில் வைத்துத் தீர்ப்போம், இருவரும் வரட்டும் என்றார் மன்னர்.

இங்கேதான் கொற்றி ஒரு தவறு செய்தாள். உம் நாட்டுப் பெண்ணைத் தவிர வேறு எவளும் அதைச் செய்திருக்கமாட்டாள். கிராம்பு மரத்தின் முதற்கொத்தை மொட்டு சிவந்ததும் பறித்து உலர்த்தி, அந்த மண்ணை ஆளும் மன்னருக்குக் காணிக்கையாய் வைக்காவிட்டால் மரம் மறுபடி காய்க்காது என்பது உங்கள் வழக்கமாமே. மூன்று கொத்தில் சிவந்துவிட்ட இரண்டை அவள் பறித்தாள். வெயிலில் ஐந்து நாள் உலர்த்தினாள். நிழல்பக்கத்துக் கொத்து ஒன்றைத் தொடாமல் விட்டாள். அது இன்னும் இரண்டு நாளில் விரியும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அது விரிந்ததும் நள்ளியன் பார்ப்பான், துறையன் விடுபடுவான், காணிக்கையும் செலுத்தியாயிற்று, மரத்துக்கும் குறையில்லை. அவள் கணக்கில் பிழையே இல்லை. எந்த மன்னர் முன்னே வைக்கிறோம் என்பதை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

அவையில் நள்ளியன் வெளுத்து வாங்கினான். சால்விக்குப் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் போதும், கிராம்புக்கு நாளுக்குப் பத்துக் குடம் வேண்டும். சால்வி வெட்டவெயிலில் நிற்கும், கிராம்புக்குக் குடை பிடிக்க வேண்டும். சால்வி பூத்து ஓய்ந்ததும் அரிவாளால் அரிந்துவிட்டால் மறுபடி தழைத்துப் பூக்கும். கிளையை ஒடித்து நட்டால் அதுவும் பிழைக்கும். வரப்போரம் நட்டால் வேலிக்கு வேலி, அழகுக்கு அழகு. தொண்டைக்கட்டுக்கு அதன் இலையைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கலாம். இந்த மரமோ எட்டு ஆண்டாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்று கொத்து மொட்டைக் காட்டுகிறது. இதை வெட்டி அடுப்பெரித்தாலாவது பயனுண்டு என்று முடித்தான். அவையோர் சிரித்தார்கள்.

மரம் வெட்டப்பட்டால் என்ன ஆகும் என்று கொற்றிக்குத் தெரியாதா? துறையன் கல்மலையிலேயே சாவான். ஆயினும் அவள் தெளிவாகவே பேசினாள். சால்வியைப் பற்றித் தோட்டநாயகம் சொன்னது அத்தனையும் உண்மை என்றாள். தான் அதற்குப் பகையில்லை, வரப்போரத்துச் செடிகளை அரிந்து விடுவதும் தானே என்றாள். ஆனால் சால்விக்குத் தண்ணீர் கொஞ்சம் மிஞ்சினால் வேர் அழுகிவிடும், குளக்கரையில் நட்டால் ஒரு மழைக்கே போய்விடும். நாலு ஆண்டில் தண்டு முற்றி விறகாகும், பிடுங்கிப் புதிதாய் நட வேண்டும். கிராம்பு சிறுவயதில்தான் இவ்வளவு செல்லம் கேட்கும். வேர் பிடித்துவிட்டால் மன்னரின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் பறித்தாலும் தீராது. வெயிலையும் சரளையையும் அதற்குக் கொடுங்கள், நிழலையும் ஈரத்தையும் இதற்கு விடுங்கள், இரண்டுக்கும் இடமிருக்கிறது என்றாள். இதைவிட நியாயமான பேச்சை அமைச்சன் அந்த அவையில் கேட்டதில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம், பாவி மகள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, உலர்ந்த கிராம்பை வெற்றிலையில் வைத்து மன்னர் காலடியில் வைத்தாள்.

மன்னருக்கு அந்த வாரம் முழுதும் கடைவாய்ப் பல்வலி. கன்னம் வீங்கி, எவரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அவள் சொன்னபடி ஒரு கிராம்பை வலிக்கும் பல்லில் வைத்துக் கடித்தார். சற்று நேரத்தில் முகம் மலர்ந்தது. இன்னொன்று எடுத்து வாயில் போட்டார். மூக்கில் வைத்து முகர்ந்தார். கறியில் இட்டால் எப்படியிருக்கும் என்று கேட்டார். மரத்தின்மேல் கைவைப்பவன் கையை வெட்டுவேன் என்றார். கொற்றி தரையில் விழுந்து கும்பிட்டாள். அவள் எழுவதற்குள் மன்னர் கேட்டார், மரத்தில் இன்னும் இருக்கிறதா என்று. ஒரு கொத்து இருக்கிறது என்று நள்ளியன் முந்திக்கொண்டு சொன்னான். அதையும் பறித்து வரச் சொன்னார்.

கொற்றி அப்போது கத்திய கத்தல் இந்தக் கிழவன் காதை விட்டு இன்னும் போகவில்லை. ஐயா, இரண்டே நாள் விடுங்கள், விரிந்த பிறகு பறித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். விரிந்தால் மணம் இருக்குமா என்று மன்னர் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். கிராம்புத் தோப்பில் வளர்ந்தவளுக்குக் கிராம்பைப் பற்றிப் பொய் சொல்ல வாய் வரவில்லை. விரிந்தால் ஒன்றுக்கும் ஆகாது, குப்பையில்தான் கொட்டுவோம் என்றாள். பிறகென்ன என்றார் மன்னர். ஆட்கள் போனார்கள், அந்தக் கொத்தும் வந்து சேர்ந்தது.

இனி ஒரு மொட்டையும் மரத்தில் விடக்கூடாது, சிவந்ததும் பறிக்க வேண்டும் என்று அன்றே ஆணை பிறந்தது. மற்றவர் பறித்தால் கிளை ஒடிகிறது என்பதால் கொற்றியே பறிக்க வேண்டும் என்றும் ஆணை. அப்படியானால் மரப்பிணை என்னாவது என்று எவரோ மெல்லக் கேட்டார். மன்னர் பெருந்தன்மையோடு சிரித்து, செம்பொறை நாடு எழுதிய ஓலையை என்றும் மீறாது, மரம் பூக்கட்டும், பூத்த அன்றைக்கே விலங்கை வெட்டுவேன் என்றார். ஓலையை எழுதியவன் அவையிலேயே இருந்தான். தரையில் எத்தனை பாவுகல் என்று எண்ணிக்கொண்டிருந்தான். பதவியும் உயிரும் அவனுக்கு அன்று வெல்லமாய் இருந்தன. அவனை நீர் காறித் துப்பலாம்.

மூன்று ஆண்டு அப்படிப் போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் மரம் நிறைய மொட்டு வைத்தது. ஏணி போட்டு ஏறி, தன் கணவனின் விடுதலையைத் தன் கையாலேயே கொத்துக் கொத்தாய்ப் பறித்துக் கூடையில் போட்டாள் கொற்றி. கீழே நள்ளியனின் ஆட்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளை கிளையாய்ப் பார்ப்பார்கள். மதில்மேல் ஏறி நிற்பதையும் அவள் விட்டுவிட்டாள். அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டாளாம். அந்த மூன்று ஆண்டில்தான் ஐவர் செத்தார்கள். மரம் எட்டாம் ஆண்டே பூத்திருந்தால் அவர்கள் ஐவரும் இன்று உம் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். மன்னரின் பல்வலி நின்றுவிட்டது. அரண்மனையில் இப்போது கிராம்பு போடாத கறி இல்லை, கிராம்பு வைக்காத வெற்றிலை இல்லை.

இவ்வாண்டு கதை வேறு. உள்கிளை ஒன்றில் தண்டுப்புழு விழுந்துவிட்டது என்று சொல்லி, அதில் சாணியைப் பூசி வைக்கோல் சுற்றிக் கட்டினாள். மரத்துக்கு நோய் என்றால், தன் கை பட்டு முற்றியது என்ற பழி வருமோ என்று நள்ளியன் அஞ்சுவான். கிராம்பு குறைந்தால் அவன் தலைதான் உருளும். கிட்ட வராமல் தள்ளி நின்றே பார்த்துவிட்டுப் போனான். வைக்கோலுக்குள் ஒரு கொத்து இருந்தது. மன்னர் எல்லைக்கோயில் விழாவுக்குப் புறப்பட்ட மறுநாள், உச்சிவேளையில், நள்ளியன் உண்டுவிட்டுப் படுத்திருந்த நேரம் பார்த்துக் கொற்றி அமைச்சன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஐயா, ஓலை எழுதியவர் நீங்கள், முத்திரையும் உங்களிடம் இருக்கிறது, வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். பார்த்தபின் பார்க்கவில்லை என்று சொல்வதானால் அது உங்கள் பாடு என்றாள். கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை.

அமைச்சன் போனான். எழுபது வயதில் ஏணி ஏறினான். அவள் வைக்கோலை விலக்கினாள். மொட்டின் தலையில் இருந்த மூடி உதிர்ந்து, வெளிறிய மஞ்சளில் மெல்லிய இழைகள் குஞ்சம்போல் விரிந்திருந்தன. அவ்வளவுதான் கிராம்புப் பூ. பக்கத்துப் பாத்திச் சால்வியில் எதைப் பார்த்தாலும் இதைவிட அழகு. கொற்றியும் விரிந்த பூவை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்ததில்லையாம். அவள் ஊரில் விரியவிட்டால்தானே? சற்று நேரம் பார்த்தாள். இதற்கா பன்னிரண்டு ஆண்டு, இந்தத் துக்கடாவுக்கா ஐந்து பேர் செத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கிளையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அமைச்சனும் அழுதான்.

விரிந்த பூவை முத்திரை அதிகாரி கிளையில் கண்டாயிற்று. மரப்பிணை தீர்ந்தது. அன்று மாலையே அமைச்சன் கல்மலைக்குப் போய்த் தன் முன்னிலையில் அறுவரின் விலங்கையும் வெட்டுவித்தான். சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை. மன்னர் திரும்பி வந்ததும் சட்டத்தைப் பார்க்கமாட்டார், கூடையைத்தான் பார்ப்பார் என்பதும் அமைச்சனுக்குத் தெரியும். அதன் பிறகு அவன் தலை எங்கே இருக்கும் என்பதை இங்கே எழுதிப் பயனில்லை.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லக் கை வரமாட்டேன் என்கிறது. கொற்றி வரவில்லை.

கைதிகளின் ஓலையில் அவள் பெயர் இல்லை என்று அமைச்சன் முன்னே எழுதினான் அல்லவா? அவளைக் கட்டிய ஓலை ஒன்றும் இல்லாததால், அவளை விடுவிக்கும் ஓலையும் எழுத வழியில்லை. மொட்டைப் பறிக்க ஆணையிட்ட அன்றே மன்னர் அவளை அரண்மனைத் தோட்டத்து உடைமை என்று அறிவித்தபோது, கைதி அல்லாதவளை உடைமையாக்கலாமா என்று கேட்கவும் எவருக்கும் நா எழவில்லை. ஒளித்து அனுப்பலாம் என்றான் அமைச்சன். அவள் ஒப்பவில்லை. பன்னிரண்டு ஆண்டு விலங்கு கிடந்த கால்கள் துறைமுகம் போய்ச்சேர ஆறு நாளாவது ஆகும். ஒருநாள் காலை தான் மரத்தடியில் இல்லையென்றால் நள்ளியன் மன்னருக்குக் குதிரை அனுப்புவான், குதிரைக்காரர் அறுவரையும் பாதி வழியில் மடக்குவார்கள் என்றாள். கல்மலையில் நடந்தது நள்ளியன் காதுக்கு எட்டுமுன் அவர்கள் கப்பல் ஏறிவிட வேண்டும் என்றாள். தினமும் காலையில் தன் கண்ணெதிரே அவள் குடம் சுமப்பதைக் கண்டு நள்ளியன் நிம்மதியாய் இருக்கிறான். உங்கள் மன்னர் என்னைக் கொல்லமாட்டார், என் கையில்லாமல் அவருக்குக் கிராம்பு எது என்றும் சொன்னாள். அது உண்மைதான். அதனாலேயே அவளை அவர் ஒருநாளும் விடவும்மாட்டார்.

விலங்கு வெட்டிய இடத்தில் துறையன் கேட்டது ஒரே கேள்வி. அவள் எங்கே என்றான். பெண்பிள்ளை ஆயிற்றே, மாட்டுவண்டியில் பின்னால் வருகிறாள், துறைமுகத்தில் சேர்ந்துகொள்வாள் என்று அமைச்சன் சொன்னான். அங்கே போனதும் அடுத்த கப்பலில் வருவாள் என்று சொல்லி ஏற்றிவிடும்படி துறைக்காவலனுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறது. அவன் நம்பிவிட்டான். காலில் புண்ணோடு எழுந்து நின்று, அவள் தலைமயிர் நரைத்துவிட்டதா என்று கேட்டான். கொஞ்சம் நரைத்திருக்கிறது என்றான் அமைச்சன். எனக்கும்தான் என்று சொல்லிக்கொண்டு அன்றிரவு தங்கும் சாவடிக்கு நடந்தான்.

இவ்வோலைக்குக் காப்பாக எம் மன்னரின் காளை முத்திரையும் அமைச்சனின் மோதிர முத்திரையும் அரக்கில் இடப்பட்டுள்ளன. வழியிலுள்ள சாவடிக் காவலரும் துறைக்காவலரும் இம்முத்திரை கண்டு அறுவருக்கும் சோறும் நீரும் தந்து, தடையின்றிக் கப்பலேற்றுவாராக.

பேரமைச்சருக்குக் கட்டளையிடும் தகுதி இக்கிழவனுக்கு இல்லை. கொற்றிக்கு இருக்கிறது. கன்றைத் தேர்ந்தவர் நீர், சுமந்தவள் அவள். ஆகவே ஏணியடியில் நின்று அவள் சொன்ன சொல்லையே இங்கே கட்டளையாக எழுதுகிறான். கப்பல் கரை தொட்டதும் நீரே நேரில் போக வேண்டும். ஆள் அனுப்பக்கூடாது. துறையனைத் தனியே அழைத்து அவள் வரமாட்டாள் என்பதை நீர் உம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் அவன் மறுபடி இங்கே வரக் கப்பலேறுவான். ஏறவிடக்கூடாது. எத்தனை பேர் சேர்ந்து பிடிக்க வேண்டுமோ அத்தனை பேர் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.